வியாழக்கிழமை பத்து மணிக்கு வரலாறு

அத்தியாயம் பதினேழு

கேக்டா நாலா கிராமத்தில் வசிக்கும் சகல குடிகளும், அவர்தம் உற்றார் உறவினரும், ஆடு கோழி உள்ளிட்ட இதர ஜீவராசிகளும் அறிய வேண்டியது: வரும் வியாழக்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்கு வரலாறு ஆரம்பமாகிறது. மாண்புமிகு தாசில்தார் அவர்கள் ரிப்பன் வெட்டி அதனை ஆரம்பித்து வைப்பார்கள். பொதுமக்கள் பத்து நிமிடம் முன்னதாக வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, வரலாற்றுக்குள் அமைதியாக நுழையவும்.

பள்ளிக்கூட வாசலில் பிரின்சிபால் பன்னீர்செல்வம் தம் கைப்பட எழுதி ஒட்டிய அறிவிப்பின் சாரம் இதுதான். மூலத்தில் ‘மல்ட்டிமீடியா’ என்ற சொல் ஏழு இடங்களில் இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எட்டாவது தடவையும் எழுதியிருப்பார்.

விஷயம் இவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு வந்திருந்தது. வந்து எட்டு மாதம் ஆகிறது. திறப்பு விழா நடக்காததால் அது இன்னும் திறக்கப்படாத பொருளாகவே இருந்தது. மேலே ஒட்டிய கண்ணாடிக் காகிதத்தைக்கூட உரிக்கக் கூடாது என்று உத்தரவு.

உத்தரவை மீறி அதில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் சோபியா டீச்சர். ஒன்பதாம் வகுப்புக்குச் சரித்திரம். எட்டு மாதமும், காகிதத்தை உரிக்காமலே.

சோபியா வீட்டு நிலவரம் போன வாரமே மோசமாகத்தான் இருந்தது. மாயாபந்தரிலிருந்து அரை மணி நேரம் பஸ்ஸில் வந்தால் கேக்டா நாலா. நண்டு ஓடை என்று தமிழில் சொல்லலாம், யாரும் சொல்வதில்லை. அங்கே பள்ளிக்கூட வேலியை ஒட்டி அவள் மாமனார் மிக்கேல் சாரங்கின் வீடு. அரசாங்கப் படகைச் சாரங்காக முப்பத்திரண்டு வருஷம் ஓட்டி ரிட்டயர் ஆன மனிதர். அந்த வீட்டுக் கதவில்தான் ‘ஆக்கிரமிப்பு’ என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டுக்கு முன்பிருந்தே இங்கே குடியிருக்கிறோம் என்று காட்டினால் பட்டா கிடைக்கும். காட்டாவிட்டால் வீடு போகும். காட்டுவதற்குக் காகிதம் இல்லை. இருந்த காகிதமெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. அந்தப் பெட்டி சுனாமியோடு போனது.

மிக்கேல் சாரங் அசரவில்லை. பதினோரு பக்கத்தில் மனு எழுதினார். முதல் ஆறு பக்கம் குளச்சலில் தம் தாத்தா எப்படி மீன் பிடித்தார் என்பது பற்றி. அதைத் திருத்தித் தரும்படி மருமகளிடம் நீட்டினார்.

அவள் வாசித்துவிட்டு, “ஆதாரம் எங்க மாமா?” என்று கேட்டாள்.

கேட்கக் கூடாத கேள்வி.

“எங்கப்பன் இங்க இருந்ததுக்கு ஆதாரம் நான்தான்! நான் என்ன ஆகாசத்துல இருந்தா விழுந்தேன்?” என்றார் மிக்கேல். அன்றிலிருந்து பதின்மூன்று நாட்களாக மருமகளோடு பேச்சு இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மனைவி அமுதத்தைப் பார்த்துச் சொல்லுவார். அமுதம் பக்கத்தில் இல்லாவிட்டால் கோழியைப் பார்த்து.

வியாழக்கிழமை காலையும் அப்படியே விடிந்தது.

“டீச்சரம்மாகிட்டச் சொல்லு, தாசில்தார் வர்றாரு. நம்ம கேஸு அவரு மேசையிலதான் கிடக்கு. இன்னிக்காவது வாயத் தொறந்து குடும்பத்துக்கு நல்லதா நாலு வார்த்தை சொல்லட்டும்” என்று மிக்கேல் சாரங், மூன்றடி தள்ளி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த மருமகளுக்குச் சேதி அனுப்பினார். புது வேஷ்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் அவருடைய பழைய சர்வீஸ் பேட்ஜ். பள்ளி நிர்வாகக் கமிட்டியில் அவரும் ஒரு உறுப்பினர். முதல் வரிசை நாற்காலி நிச்சயம்.

“காதுல விழுந்துச்சா?” என்றாள் அமுதம்.

“விழுந்துச்சு அத்தை.”

“விழுந்துச்சாம்” என்றாள் அமுதம் கணவனிடம். இந்தத் தபால் வேலைக்குத் தனியாகச் சம்பளம் கேட்கலாம் என்று இரண்டு நாளாக அவளுக்கு ஒரு யோசனை.

சோபியா இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும்.

இன்றைய பாடத்துக்கு அவள் எடுத்திருந்த விஷயம், ‘சுனாமிக்கு முன், சுனாமிக்குப் பின்’. இந்தப் பிள்ளைகள் யாரும் அப்போது பிறக்கவில்லை. அவர்களுக்கு அசோகர் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் சுனாமியும். ஆனால் அசோகரைப் பார்த்தவர் ஊரில் யாரும் இல்லை. சுனாமியைப் பார்த்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். பிள்ளைகள் போனை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் குரலைப் பதிவு செய்து வந்திருந்தார்கள். அதோடு வானத்திலிருந்து எடுத்த பழைய படங்கள். இணையத்தில் வருஷம் வாரியாகக் கிடைக்கும். இரண்டு படங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, நடுவில் ஒரு கோடு. கோட்டை விரலால் இந்தப் பக்கம் தள்ளினால் 2003. அந்தப் பக்கம் தள்ளினால் 2005.

கேக்டா நாலாவில் ஆன்லைன் என்பது பஸ்ஸில் வரும் ஒரு பொருள். பள்ளிக்கூடத்தில் நெட் வருவதும் போவதும் அலையைப் போல; போவது மட்டும் கொஞ்சம் அதிகம். அதனால் போர்ட் பிளேரில் படகு எஞ்சின் டிரைவராக இருக்கும் அவள் கணவன் ராபின், மரைன் ஹில்லில் ஒரு சிநேகிதன் வீட்டு நெட்டில் எல்லாவற்றையும் இறக்கி, பென் டிரைவில் போட்டு, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புவான். திங்கட்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமை ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து 2003-ஐத் திறந்தாள்.

படகு வந்து நிற்கும் ஜெட்டி தெரிந்தது. பள்ளிக்கூடம் தெரிந்தது. பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் மாமனார் வீடு இருக்க வேண்டிய இடத்தில் காடு இருந்தது.

2005 படத்தில் அதே இடத்தில் தகரக் கூரை வெள்ளியாக மின்னியது.

அதாவது, சுனாமிக்கு முன்னால் வீடே இல்லை. அப்படித்தான் படம் சொன்னது.

சோபியா ஐந்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கிய எவரும் செய்யக் கூடாத ஒரு காரியத்தைச் செய்தாள். பள்ளிக்கூட வேலியோடு படத்தைக் கத்தரித்தாள்.

*

ஒன்பதே முக்காலுக்கு ராபின் வந்து இறங்கினான். இரண்டு நாள் லீவு, அந்த ஊர்ப் பேச்சில் சுட்டி, போட்டிருந்தான். பஸ்ஸில் வந்த முகம், கலைந்த தலை, கையில் ஒரு பை ஆரஞ்சு.

“என்னடி, முகம் ஏன் இப்படி இருக்கு? மாமனார் மருமகள் லடாய் இன்னும் முடியலியா?”

“அத விடு. போய்ப் பின் வரிசைல உக்காரு. பேசாம இரு.”

“நான் என்ன பேசப் போறேன்? படம் எல்லாம் வேலை செய்யுதில்ல? இல்லன்னா சொல்லு, எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு.”

“என்ன இன்னொண்ணு?”

ராபின் சட்டைப் பையைத் தட்டினான். “அதே ஃபைல்ஸ். ஸ்பேர். எஞ்சின் ரூம்ல எதுக்கும் ஒரு ஸ்பேர் வைக்காம நாங்க கெளம்ப மாட்டோம், கேட்டியா.”

சோபியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஜீப் சத்தம் கேட்டது.

தாசில்தாரை வரவேற்க பிரின்சிபால் வேகமாக ஓடினார். ஓடும்போதே டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். “அங்க இல்லை, அங்க இல்லை! ஆறாம் நம்பர் மரத்துக்குக் கீழ நிறுத்தாதீங்க, தேங்காய் விழும்! ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல விடுங்க!”

வளாகத்தில் நின்ற தென்னைகளுக்கு வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டிருந்தது. அரசாங்கத்தில் எதற்கு நம்பர் இருக்கிறதோ அதுதான் இருக்கிறது.

தாசில்தார் அருண்பிரசாத் சின்ன வயசு. மாலையைக் கழுத்தில் வாங்காமல் கையில் வாங்கிக்கொண்டார். பிரின்சிபாலுக்கு அதிலேயே பாதி உற்சாகம் போய்விட்டது. மீதிப் பாதியில் இருபது நிமிஷம் பேசினார். வரலாற்றின் கதவு திறக்கிறது என்றார். கரும்பலகை யுகம் முடிந்தது என்றார். கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம், இப்போது மல்ட்டிமீடியா காலம் என்றார். கடைசி பெஞ்சில் ஒரு பையன் கொட்டாவி விட்டான். அது எந்தக் காலம் என்று தெரியவில்லை.

தாசில்தார் ரிப்பனை வெட்டினார். போர்டைத் தொட்டுப் பார்த்தார்.

“இந்தக் காகிதத்தை உரிக்கலாமே?”

“உரிக்கலாம் சார். ஆனா கீறல் விழுந்திடும்” என்றார் பிரின்சிபால்.

*

பாடம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. வகுப்பில் வங்காளிப் பிள்ளை, ராஞ்சிப் பிள்ளை, தெலுங்கு, தமிழ், கரேன் எல்லாம் கலந்து உட்கார்ந்திருந்ததால் பாடம் ஹிந்தியில்தான். தாசில்தார் தமிழில் கேள்வி கேட்க, பிள்ளைகள் பாதி தமிழுக்கு வந்தார்கள்.

முதலில் குரல்கள். ஒரு கடைக்காரர் அந்தக் காலையில் டீ போட்டுக்கொண்டிருந்தது, பாத்திரம் தானாக நகர்ந்தது, கடல் உள்ளே போனதைப் பார்த்து மீன் பொறுக்கப் போன ஆட்களை ஒரு பெண் கத்திக் கூப்பிட்டது. வகுப்பு அசையவில்லை. தாசில்தாரின் டிரைவரும் ஜன்னலில் வந்து நின்றுகொண்டான்.

பிறகு படம். கோட்டைத் தள்ளினாள். ஜெட்டி இருந்தது. தள்ளினாள். ஜெட்டி இல்லை. பிள்ளைகள் ‘ஓ’வென்றார்கள்.

“படம் ஒரு சாட்சி” என்றாள் சோபியா. “சாட்சி சொன்னா உடனே நம்பிடுவீங்களா?”

“நை மேடம்!”

“என்ன செய்வீங்க?”

“கேள்வி கேப்போம்!”

“வெரி குட்” என்றார் தாசில்தார், உண்மையாகவே. பிரின்சிபால் அந்த வெரி குட்டைத் தமக்கென்று எடுத்துக்கொண்டு தலை குனிந்தார்.

இத்தோடு முடித்திருக்கலாம். மணி பத்து ஐம்பத்தைந்து. இன்னும் ஐந்து நிமிஷம் தாண்டினால் டீ.

முதல் வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மிக்கேல் சாரங் எழுந்து நின்றார். நடுக்கடலில் பயணிகளுக்கு அறிவிப்புச் செய்யும் தோரணை.

“சார். நான் மிக்கேல். ரிட்டயர்டு சாரங். இந்த ஊருல எங்க குடும்பம் அறுபத்தாறுல வந்து எறங்குனது. எங்கப்பா சவரிமுத்து கட்டுன வீடு இந்தா, வேலிக்கு அந்தப் பக்கம். என் கேஸு உங்க ஆபீஸ்லதான் இருக்கு. ஆதாரம் கேக்குறாங்க சார், ஆதாரம்! வானத்துல இருந்தே ஃபோட்டோ எடுத்து வச்சிருக்கும்போது வேற என்ன ஆதாரம் வேணும்? ரெண்டாயிரத்து மூணுக்குப் போங்க. எங்க வீட்டக் காட்டுங்க. தாசில்தார் சாபும் பாக்கட்டும், ஊரும் பாக்கட்டும்!”

சோபியா போர்டுக்கு முன்னால் வந்து நின்றாள். “மாமா, இந்தப் படம் ஸ்கூல் வேலியோட முடியுது.”

பதின்மூன்று நாளில் அவர் அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான். “ஏன் முடியுது?”

சோபியா அடுத்த படத்துக்கு விரலை நகர்த்தினாள்.

“அதனால என்னப்பா, முழுப் படம் எங்கிட்ட இருக்கு!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு மகன் எழுந்தான். சட்டைப் பையில் கைவிட்டு ஸ்பேரை எடுத்து உயர்த்திப் பிடித்தான். பெண்டாட்டி கண்ணால் வேண்டாம் வேண்டாம் என்று சொல்வதை, மெச்சுகிறாள் என்று எடுத்துக்கொண்டான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவன் இப்படித் தப்பாகப் படித்த பார்வைகளைத் தொகுத்தால் தனிப் புத்தகம் போடலாம்.

“போடுங்க, போடுங்க” என்றார் பிரின்சிபால். “மல்ட்டிமீடியாவில் ஒளிவு மறைவே கிடையாது சார்.”

படம் விரிந்தது. 2003.

ஜெட்டி. பள்ளிக்கூடம். தொட்டி. அதற்கப்பால் பச்சை. கரும்பச்சை, திட்டுத் திட்டாக.

மிக்கேல் போர்டுக்குப் பக்கத்தில் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். விரலை வைத்தார். எடுத்தார். கொஞ்சம் தள்ளி வைத்தார்.

“இங்க… இங்கதான்.”

தாசில்தார் கோட்டைத் தள்ளினார். 2005. தகரக் கூரை பளிச்சென்று வந்தது. தள்ளினார். காணோம். மறுபடி தள்ளினார். வந்தது.

பேனாவின் மூடியைத் திருகி மூடினார்.

“அரே, வீடே இல்லையே” என்றது கமிட்டி வரிசையில் ஒரு குரல்.

மிக்கேல் சாரங் திரும்பினார். கமிட்டிக் குரலை அவர் பார்க்கவில்லை. தாசில்தாரைப் பார்க்கவில்லை. சோபியாவைப் பார்த்தார். வேஷ்டி, பேட்ஜ், சாரங் எல்லாம் அவரிடமிருந்து இறங்கிப் போய், ஒரு அறுபத்தெட்டு வயசு மனுஷன் மட்டும் அங்கே நின்றான்.

“வீடு இருந்துச்சு, மக்ளே” என்றார்.

சத்தமே இல்லாமல்.

ஆதாரம் எங்கே என்று கேட்டவள் சோபியா. ஆதாரத்தைப் பார்த்ததும் கத்தரித்தவளும் அவள்தான். இரண்டு நாளாக ஒரு கேள்வியை மட்டும் அவள் கேட்கவில்லை, பிள்ளைகளுக்கு தினமும் சொல்லிக்கொடுக்கிற அதே கேள்வியை.

“மாமா, அப்ப கூரை என்ன கூரை?”

“கூரையா? தகரத்துக்கு எங்க போக? ஓடைல வெட்டுன தானி ஓலை. அப்பா போட்டது. அப்புறம் வருஷா வருஷம் நான் மாத்துவேன். சுனாமிக்குப் பிறகுதானே சர்க்கார்ல தகரம் குடுத்தான்.”

சோபியா வகுப்பைப் பார்த்தாள்.

“தானி ஓலைக் கூரை. மேல அப்ப நின்ன பலா மரம். வானத்துல இருந்து பாத்தா என்ன தெரியும்?”

ராஞ்சிப் பையன் ஒருவன் எழுந்தான். “ஜங்கிள் மேடம். எங்க வீடும் அப்படித்தான். மேப்ல நாங்க இல்லவே இல்ல.”

சிரிப்பு. தாசில்தாரும் புன்னகைத்தார். ஆனால் தலையை ஆட்டினார்.

“நியாயம்தான் டீச்சர். ஆனா ஒண்ணு. வீடு இருந்தும் தெரியாம இருக்கலாம். இல்லாததாலயும் தெரியாம இருக்கலாம். நான் எதை எழுதறது?”

“எதையும் எழுதாதீங்க சார். அஞ்சு நிமிஷம் கொடுங்க.” அவள் சாக்பீஸைத் தேடினாள், மல்ட்டிமீடியா காலத்தில் சாக்பீஸ் இல்லை. கையைத் தட்டினாள். “கேளுங்க. இந்தப் படத்துல என்ன இல்லைனு எல்லாரும் பாத்தாச்சு. என்ன இருக்கு? ஒவ்வொண்ணாச் சொல்லுங்க.”

“கடல்.”

“ஜெட்டி.”

“பிரின்சிபால் சாரோட ஸ்கூட்டர்.”

“அது 2003, டேய். சாரே அப்ப இல்ல.”

மூன்றாவது பெஞ்சில் மீனா எழுந்து நின்றாள். தென்னை ஏறுகிறவரின் மகள். வகுப்பில் அதிகம் பேசாதவள்.

“மேடம், அந்தப் பச்சைல நட்சத்திரம் மாதிரி இருக்கே, அது தென்னை. எங்கப்பா மேல ஏறிப் போன்ல எடுத்துக் காட்டுவாரு, பக்கத்து மரம் இப்படித்தான் தெரியும்.”

“சரி. தென்னை. அப்புறம்?”

“வரிசையா இருக்கு மேடம்.”

இருந்தது. பார்க்கத் தெரிந்த பிறகு வேறெதுவும் தெரியவில்லை. கரும்பச்சைக் குழப்பத்துக்கு நடுவில், நூல் பிடித்தாற்போல, ஒன்றன் பின் ஒன்றாக நட்சத்திரங்கள்.

“காட்டுல மரம் வரிசையா முளைக்குமா?”

“நை மேடம்!”

“அப்ப?”

“யாரோ நட்டிருக்காங்க!”

தாசில்தார் நாற்காலியின் முன்நுனிக்கு வந்துவிட்டார். “நட்டது எப்ப? போன வருஷமா, முப்பது வருஷம் முன்னாலயா? அது தெரியணுமே.”

மீனா உட்காரவில்லை. “நிழல் மேடம்.”

“என்ன நிழல்?”

“மரத்துக்கு நிழல் விழுந்திருக்கு. நீளமா. தொட்டிக்கும் விழுந்திருக்கு. தொட்டி நாப்பது அடி. அதுல எழுதிருக்கு.”

அதற்குப் பிறகு சோபியா ஒன்றும் செய்யவில்லை. மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு நாலு பிள்ளைகள் போர்டுக்குப் பாய்ந்தார்கள். “கீறல்! கீறல்!” என்று பிரின்சிபால் பதறினார். கண்ணாடிக் காகிதம் எட்டு மாதத்தில் முதல் தடவையாகப் பிரயோஜனப்பட்டது. தொட்டியின் நிழல் ஆறு அங்குலம். தென்னையின் நிழல் ஒன்பது அங்குலம். தொட்டி நாற்பது அடி என்றால் தென்னை அறுபது அடி.

“தென்னை வருஷத்துக்கு எவ்வளவு வளரும்?”

“ரெண்டடிக்கு மேல போகாது மேடம்” என்றாள் மீனா. “எங்கப்பா சொல்லுவாரு.”

“அப்ப அறுபது அடிக்கு?”

“கம்மியா வச்சாக்கூட முப்பது வருஷம்!”

“ரெண்டாயிரத்து மூணுல முப்பது போனா?”

“எழுபத்து மூணு!” வகுப்பு மொத்தமாகக் கத்தியது. கத்தலில் பின்வரிசை ராபினும் சேர்ந்திருந்தான்.

எழுபத்து மூன்று. எழுபத்தெட்டுக்கு ஐந்து வருஷம் முன்னால்.

தாசில்தார் அருண்பிரசாத் எழுந்து கைதட்டினார். சம்பிரதாயத்துக்குத் தட்டுகிற தட்டு இல்லை. “டீச்சர், என் ஆபீஸ்ல ஏழு பேர் நாலு மாசமா இந்த ஃபைலைப் பாக்குறாங்க. யாருக்கும் இது தோணலை.”

பிரின்சிபால் பன்னீர்செல்வம், இது எல்லாம் பள்ளியின் தொலைநோக்குத் திட்டத்தில் முன்பே இருந்தது என்று சொல்ல ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை.

தாசில்தார் டைரியைத் திறந்தார். “காடு வரிசையா வளராது. சரி. அந்த வரிசையை யார் நட்டாங்களோ, இடம் அப்பவே அவங்க கையில இருந்திருக்கு. இதை நான் எழுதலாம். சாட்சியாகவும் எடுத்துக்கலாம். ஐயா, இந்த மரம் எல்லாம் நட்டது உங்க அப்பாதானே?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

ஆனால் மிக்கேல் சாரங்குக்கு உயிர் திரும்பிவிட்டது. உயிர் மட்டும் திரும்பியிருந்தால் பரவாயில்லை. சாரங்கும் சேர்ந்து திரும்பிவிட்டார்.

“நட்டாரான்னா கேக்குறீங்க? சார்! குளச்சல்ல இருந்து விதைத் தேங்கா ஜஹாஸ்ல ஏத்திக் கொண்டாந்து, நான் ஒரு முனையில கயிறப் பிடிக்க, அப்பா மறுமுனையில பிடிக்க, ஒரே கயிறு, ஒரே நாளு, ஏக்தம் நேரா நட்டது சார்! நான் அப்ப ஒன்பது வயசுப் பயல்!”

“எத்தனை மரம்?”

சோபியா அப்போதுதான் போர்டைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தாள். 2003 படத்தில் வேலி தெரியவில்லை. கம்பி வேலி வானத்திலிருந்து தெரியாது.

“மாமா” என்றாள். “போதும் மாமா. சாருக்கு டீ ஆறுது.”

“இரு மக்ளே, இது முக்கியம்.” பதின்மூன்று நாள் பாக்கியையும் சேர்த்து ‘மக்ளே’ என்றார். குரலில் அவ்வளவு பிரியம். தடுக்க நீட்டிய கையை அவள் இறக்கிக்கொண்டாள்.

மிக்கேல் சாரங் போர்டுக்குப் போய், விரலை வைத்து, ஒவ்வொரு நட்சத்திரமாகத் தொட்டு, ஊருக்கே கேட்கும்படி எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. பிள்ளைகளும் கூடச் சேர்ந்து எண்ணினார்கள். பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று.

“பதினாலு!” என்றார். “பதினாலும் எங்கப்பா நட்டது. ஒண்ணு விடாம எழுதிக்கோங்க சார். எவனாவது இல்லன்னு சொல்லட்டும் பாப்போம்!”

தாசில்தார் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார். மிக்கேல் சாரங் கையெழுத்துப் போட்டார். கீழே ‘சாரங் (ரிட்டயர்டு)’ என்றும் போட்டு, அடிக்கோடும் போட்டார். சாட்சியாகப் பிரின்சிபால் பன்னீர்செல்வம், பேனாவைத் தாமே வாங்கி, பள்ளி முத்திரையோடு கையெழுத்திட்டார். ராபின் ஆரஞ்சு உரித்துப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தான். எல்லாரும் கைதட்டினார்கள்.

சோபியா ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். ஜீப் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நின்றிருந்தது.

பதினாலில் ஐந்து மரம் மிக்கேல் சாரங்கின் வேலிக்குள் இருக்கிறது. மீதி ஒன்பதும் பள்ளிக்கூடத்து இடத்தில், சர்க்கார் நம்பரோடு நிற்கின்றன.